மாப்பிள்ளையின் மைலேஜ்

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. நாற்பது வருஷமாக என் கதாநாயகர்களை விதவிதமான கார்களில் ஏற்றி அனுப்பியிருக்கிறேனே தவிர, நான் போனதெல்லாம் பின் ஸீட்டில்தான். ஒரு நாவலில் கதாநாயகன் மலைப் பாதையில் ‘கியரை மிதித்து’ வண்டியை நிறுத்தினான் என்று எழுதிவிட்டு, ஒரு வாசகரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இப்பேர்ப்பட்டவனிடம் யோசனை கேட்டுத்தான் என் மாப்பிள்ளை கார் வாங்கினார். அதன் பலனை அவரும் அனுபவித்தார், நானும் அனுபவித்தேன்.

2023-ஆம் வருஷத் தொடக்கம் அது. அவர்கள் தாம்பரத்தில் எங்களுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில். போக 25 கிலோமீட்டர், வர 25 கிலோமீட்டர். ‘மின்சார ரயில் இருக்கிறதே!’ என்று நீங்கள் கேட்பீர்கள். அதிலேதான் பத்து வருஷம் நின்றுகொண்டே போனார். முதுகில் வலி கண்டது. “இனி தொங்கிக்கொண்டு போகிற வேலையெல்லாம் கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி ஓட்டினார். அது லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது. பெட்ரோல் அப்போது சென்னையில் 102 ரூபாய் 63 காசு. மாதம் 25 நாள் என்று கணக்குப் போட்டால், 1,250 கிலோமீட்டருக்கு 104 லிட்டர். பத்தாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ரூபாயை ஜி.எஸ்.டி. ரோடு விழுங்கிக்கொண்டிருந்தது. (இது வரி அல்ல, ரோடு. ஆனால் இரண்டுக்கும் மனிதனின் பொறுமை மேல் ஒரே மாதிரியான பிரியம்.)

“மாமா, புதுக் கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். சாதாரணப் பெட்ரோல் வண்டியா, ஹைபிரிட் வண்டியா என்றுதான் யோசனை” என்றார்.

நாவலாசிரியன் எதையும் அரைகுறையாகப் படித்துவிட்டு முழுசாகப் பேசுகிறவன். ஹைபிரிட்டைப் பற்றி முந்தின வாரம்தான் பத்திரிகையில் படித்திருந்தேன். ஒரே வண்டிக்குள் பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1997 டிசம்பரில் ‘பிரியஸ்’ என்ற பெயரில் விற்க ஆரம்பித்த பிறகே உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் யோசனை பழசு. ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற எஞ்சினீயர் 1900-லேயே ஒன்றைச் செய்து, ‘என்றும் உயிருள்ளது’ என்று பொருள்படும்படி லத்தீனில் பெயரும் வைத்தார். இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் அளந்துவிட்டு, “சந்தேகமே வேண்டாம், ஹைபிரிட்டே வாங்குங்கள்” என்றேன்.

அதற்கு இரண்டு லட்ச ரூபாய் கூடுதலாக வேண்டும். அந்த இரண்டு லட்சம் என் பெண்ணிடம் இருந்தது. சாயங்கால வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து, ஆறு வருஷமாக அவள் சேர்த்துவைத்த சிறுவாடு. பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் கணக்கு டீச்சர் அல்லவா? ஒரு நிபந்தனை போட்டாள்: பழைய வண்டியாக இருந்தால் எவ்வளவு பெட்ரோல் செலவாகும், இந்த வண்டிக்கு எவ்வளவு ஆயிற்று என்று மாதாமாதம் பார்த்து, மிச்சப்பட்டதை அவள் கணக்கில் போட்டுவிட வேண்டும். இதற்கென்று நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கப்பட்டது.

வண்டி வந்த இரண்டாவது வாரம் நான் அதில் நுங்கம்பாக்கம் வரை போனேன். பட்டனை அழுத்தினார், சத்தமே இல்லை. “இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லையே?” என்றேன். “ஆகிவிட்டது, மாமா” என்று சொல்லும்போதே வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. சற்றுப் பொறுத்து, எங்கேயோ பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல் எஞ்சின் மெதுவாக முனக ஆரம்பித்தது. குரோம்பேட்டையை நெருங்கியபோது வழக்கம்போல நெரிசல். எஞ்சின் நின்றுவிட்டது. வண்டி மட்டும் நத்தைபோல் ஊர்ந்தது. எதிரே பலகையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

“இதுதான் விஷயம்” என்றார் மாப்பிள்ளை. “இந்த மாதிரி ஊர்கிறபோது பழைய வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். இது மின்சாரத்தில் போகிறது.”

“மின்சாரம் ஏது? நீங்கள் எங்கேயும் சார்ஜ் செய்வதில்லையே?”

அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சாதாரண வண்டியில் பிரேக் போட்டால் அத்தனை வேகமும் சூடாகிக் காற்றில் போய்விடும். இதில் பிரேக் போடும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, போகிற வேகத்தில் ஒரு பங்கைப் பிடித்துப் பேட்டரியில் போட்டுவைக்கிறது. முழுவதும் அல்ல; ஒரு பங்குதான். புருஷன் கொடுக்கிற மளிகைப் பணத்திலிருந்து எட்டணா, ஒரு ரூபாய் என்று எடுத்து, கடுகு டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் கை கொடுக்கிற மாதரசிகள் செய்வதும் இதுதான். இந்த வண்டிக்குள் ஒரு குடும்பத் தலைவி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அவளுடைய டப்பா சின்னது. மின்சாரத்தில் மட்டும் போனால் ஒரு மைலோ இரண்டு மைலோதான் தாங்கும். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் அது நிரம்புவதற்குச் சந்தர்ப்பத்துக்குக் குறைவில்லை. பல்லாவரத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்தது, டப்பாவில் கொஞ்சம். மீனம்பாக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, இன்னும் கொஞ்சம். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது தாராளமாகவே விழுந்தது. நான் வாழ்நாள் முழுவதும் சபித்த நெரிசலையும் சிக்னலையும் ஒரு வண்டி வரவாக எழுதிக்கொள்கிறது! சைதாப்பேட்டையில் நின்றபோது, சுற்றிலும் இருந்த வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டிருக்க, எங்கள் வண்டி மட்டும் மௌன விரதம் அனுஷ்டித்தது.

ஆபீஸ் வாசலில் பலகை 23 என்று காட்டியது. விற்பனைப் புத்தகத்தில் 27-க்கு மேல் போட்டிருந்ததே என்று கேட்டேன். அந்த எண், சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, சுமார் 20 நிமிஷத்துக்குள் எடுக்கிற கணக்கு. அங்கே வெயில் இல்லை, மாடு இல்லை, ஏ.ஸி.யை நிறுத்தி வைத்துச் சோதிப்பதுதான் வழக்கமாக இருந்தது. பெண் பார்க்கப் போகிற அன்றைக்குக் கேட்கிற பாட்டு மாதிரிதான். அதை வைத்துத் தினசரி சமையலை எடைபோட முடியாது.

ஆனால் 23-க்கே வீட்டில் கொண்டாட்டம். 104 லிட்டர் இருந்த இடத்தில் 54 லிட்டர். மாதம் ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. பதினொரு மாதத்தில் ஐம்பத்தாறாயிரம் ரூபாய் என் பெண்ணுக்குத் திரும்பிவிட்டது. இன்னும் இரண்டேகால் வருஷத்தில் கடன் தீர்ந்துவிடும் என்று நான் எங்கள் தெருவில் எல்லோரிடமும் பிரஸ்தாபித்துக்கொண்டிருந்தேன்.

2024 ஜனவரியில் அவர்கள் கோடம்பாக்கத்துக்குக் குடிபோனார்கள். பேரனுக்கு அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஆபீஸும் மூன்று கிலோமீட்டர்தான். காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு மாப்பிள்ளை ஆபீஸ் போவார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பையனை அழைத்து வந்து வீட்டில் விட்டு, இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். இனி மைலேஜ் எங்கேயோ போய்விடும் என்று நான் நினைத்தேன். போனது உண்மைதான். பதினாலுக்குப் போயிற்று.

மாப்பிள்ளை துடித்துப்போனார். வண்டியைக் கம்பெனிக்கு எடுத்துப் போனார். டயரில் காற்று, ஃபில்டர், பேட்டரி எல்லாம் பார்த்துவிட்டு, “ஒரு கோளாறும் இல்லை, ஸார்” என்று திருப்பிக் கொடுத்தார்கள். பணமில்லாமல் திருப்பிக் கொடுத்ததிலேயே அவருக்குச் சந்தேகம் அதிகமாயிற்று.

கோளாறு வண்டியில் இல்லை. மூன்று கிலோமீட்டரில் இருந்தது. எஞ்சின் என்பது காலையில் எழுந்த கிழவனைப்போல. உடம்பு சூடாகிற வரையில் அதனிடம் சிக்கனத்தை எதிர்பார்க்கக் கூடாது. எண்ணெய் இளக வேண்டும்; புகைக் குழாயில் நச்சை மாற்றுகிற கருவி ஒன்று இருக்கிறதாம், அது சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்காக, வண்டி நகர மின்சாரம் இருந்தாலும் எஞ்சின் கட்டாயமாக ஓடும். தாம்பரத்திலிருந்து போகும்போது இந்தச் செலவு முதல் சில கிலோமீட்டரோடு தீர்ந்தது. மீதி இருபதுக்கு மேல் லாபம். இங்கேயோ, கிழவனுக்கு உடம்பு சூடாகி, ‘சரி, இனி நடக்கலாம்’ என்று அவன் தடியை எடுக்கும்போது ஆபீஸ் வந்துவிடுகிறது. தினம் நாலு தடவை இதே கதை. போதாக்குறைக்கு, மத்தியானம் வரை வெயிலில் நின்ற வண்டி அடுப்பாக இருக்கும். அதைக் குளிரவைக்க ஏ.ஸி. முழு மூச்சாக ஓட வேண்டும். கோடம்பாக்கத்தில் வண்டி நகராமல் நிற்கிற பத்து நிமிஷமும் அது கடுகு டப்பாவைக் காலி செய்யும். டப்பா காலியானால், நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடி நிரப்பும். ஊர்ந்து போகிற நெரிசல் வேறு, நகராத நெரிசல் வேறு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதையெல்லாம் மாப்பிள்ளை என்னைவிட நன்றாகவே அறிந்தவர். ஆனால் அறிவு வேறு, பலகையில் தெரிகிற எண் வேறு. ஒரு நாள் திருச்சிக்குப் போய்வந்தார். நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் பறந்திருக்கிறார், 18-தான் வந்தது. அங்கே பிரேக் போடவே இல்லை, ஆகவே சிறுவாடும் இல்லை. வேகம் ஒன்றுக்கு இரண்டானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. அந்த 18-ஐக்கூட அவர் பொறாமையோடுதான் சொன்னார்.

ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம், என் பெண் பேரனையும் நீல நோட்டையும் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்து நின்றாள். பையனின் முதுகெல்லாம் வேர்க்குரு.

“அப்பா, நீங்கள்தானே இந்த வண்டியை வாங்கச் சொன்னீர்கள்?”

“என்னம்மா ஆயிற்று?”

“ஏ.ஸி. போடுவதில்லை. ஒரு மாதமாக. பதினாலு பதினாறாக வேண்டுமாம். குழந்தை மத்தியான வெயிலில் வெந்துகொண்டு வருகிறான். கேட்டால், ‘உன் பணத்தைத் திருப்ப வேண்டாமா?’ என்கிறார். நான் கேட்டேனா?”

என் மனைவி பேரனுக்குச் சந்தனம் அரைக்கப் போனாள். நான் நோட்டைப் பிரித்தேன். மாப்பிள்ளையின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். மாதம் 300 கிலோமீட்டர்; பழைய வண்டியாக இருந்தால் இந்த ஓட்டத்துக்கு 9-தான் கொடுக்கும், 33 லிட்டர்; இதற்கு 21 லிட்டர்; மிச்சம் 12 லிட்டர், 1,200 ரூபாய். பாக்கி 1,43,000. கீழே சிவப்பு மசியில், ‘10 வருஷம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. யோசனை சொன்னவன் நான். வட்டியில்லாத கடனுக்காக ஒரு கௌரவமான மனிதர் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறார்.

சாயங்காலம் அவரே வந்துவிட்டார். வாசலில் செருப்பை விடும்போதே முகம் சுருங்கியிருந்தது. “மாப்பிள்ளை, உட்காருங்கள்” என்று சொல்லி, நான் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். “லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிறீர்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்களேன். தாம்பரத்தில் 23 வந்தபோது 54 லிட்டர் வாங்கினீர்கள். இப்போது 14 வருகிறது, 21 லிட்டர்தான் வாங்குகிறீர்கள். எதில் பெட்ரோல் மிச்சம்?”

“அது குடிமாறியதால் வந்த மிச்சம், மாமா. வண்டியால் வந்ததில்லை. அவள் பணம் கொடுத்தது வண்டிக்கு.”

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அதோடு, “குடிமாறிய மிச்சத்தையும் சேர்த்தால், வீட்டு வாடகை எட்டாயிரம் ஏறியிருப்பதையும் சேர்க்க வேண்டுமே” என்றும் சொன்னார். இந்த மாதிரி நாணயஸ்தரோடு குடித்தனம் செய்வது லேசான காரியம் இல்லை.

சமையலறை வாசற்படியில் நின்றிருந்த என் பெண் பேசினாள். “தாம்பரத்தில் இருந்தபோது ராத்திரி எட்டரைக்கு வருவீர்கள். இப்போது ஆறரைக்கு வருகிறீர்கள். அதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?”

மாப்பிள்ளை நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு பக்கம் அதில் இல்லை. உள்ளே இருந்து பேரன், “அப்பா!” என்று சந்தன முதுகோடு ஓடிவந்து அவர் சட்டையிலெல்லாம் பூசினான்.

அன்று இரவு அவர்கள் ஏ.ஸி. போட்டுக்கொண்டுதான் திரும்பினார்கள். கண்ணாடிகளெல்லாம் மூடியிருந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நோட்டு நின்றுவிடவில்லை. மாதம் ஆயிரமோ ஆயிரத்து இருநூறோ ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கூட்டம் குறைந்த ரோடு, அறுபதுக்கு மேல் போகாத வேகம், எஞ்சின் சூடாகி இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். மாப்பிள்ளை படியேறும்போதே, “இருபத்து நாலு, மாமா!” என்கிறார். நான், “பேஷ்!” என்கிறேன். என் மனைவி காபி கொண்டுவருகிறாள். என் பெண், தூங்கிப்போன பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி உள்ளே போகிறாள்.