படிவத்தில் இல்லாத கேள்வி

"பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குப் போகிறார்களா, அம்மா?"

"போறாங்க சார். பெரியவன் படிச்சு முடிச்சிட்டான். சின்னவ உங்க பள்ளிக்கூடந்தானே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் கேட்டோம். கையில் படிவம் இருந்தது, ஆகவே கேட்டோம். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் பணிக்காகக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் சென்ற ஆண்டு வீடுவீடாக ஏறி இறங்கியபோது நிகழ்ந்தது இது. 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டோம். குறியிட்டு நிமிர்ந்த பிறகே உள்ளே தறியோசை நின்றுவிட்டதை உணர்ந்தோம். தந்தையின் பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றாள். பள்ளி நாள், முற்பகல் பதினொரு மணி. அவள் இருக்க வேண்டிய இடம் நம் வகுப்பின் இரண்டாம் வரிசை!

வாரத்தில் ஒருநாள் வரமாட்டாள். முகூர்த்தக் காலமாயின் மூன்று நாளும் வரமாட்டாள். ஏனைய நாட்களில் வருவாள். பெயர் பதிவேட்டில் இருக்கிறது. எனவே படிவத்தின் கண்ணுக்கு அவள் பள்ளி செல்லும் பிள்ளை. நம் கண்ணுக்கும் அன்று அவ்வளவே. குறியை அழிக்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தோம்.

காஞ்சிப் பட்டைப் புகழாதார் யார்? ஆனால் அதன் கரை உடலோடு எங்ஙனம் சேர்கிறது என்று கேட்டவர் சிலரே. கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். ஊடை ஒன்றல்ல, இரு கரைகளுக்கும் நடுவுடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வோர் இழையும் கரையின் ஓரத்தில் மற்றோர் இழையோடு கோத்துக்கொள்ள வேண்டும். நெய்பவர் ஒருவரால் இதனை விரைந்து செய்தல் அரிது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அந்த இருக்கைக்குச் சிறிய உடலும் சிறிய கூலியும் பொருத்தமெனப் பல தலைமுறைகள் கருதின. பெற்றோருக்கு முன்பணம் தந்து பிள்ளைகளைத் தறியில் கட்டிவைத்த கொடுமையை மனித உரிமைக் கண்காணிப்பகம் 1996-லும் 2003-லும் வெளியிட்ட அறிக்கைகள் உலகறியச் செய்தன. அந்நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நெசவாளர் வீட்டு இளைஞர் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டனர். மகிழத்தக்க மாற்றமே! ஆனால் அண்ணன் ஏறிச் சென்ற பேருந்து விட்டுவைத்த இருக்கையில் தங்கை அமர்ந்தாள். அதை எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

கணக்கெடுப்பை நாம் இகழ்வதாக எண்ணிவிடாதீர், தோழர்களே! கல்லூரியில் அதைக் காதலித்தவர்கள் நாம். பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் தூசி என்னும் சிற்றூர் சமூக ஆய்வு உலகில் பெயர் பெற்ற ஊர் என்பது நம் ஊராரில் பலர் அறியாத செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவரை ஊர்களுக்கு அனுப்பி, நிலம் எவரிடம், கடன் எவ்வளவு, உண்பது என்ன என்று கேட்டெழுதச் செய்தார். 1918-ல் நூலாக வந்த அத்தொகுப்பில் தூசியும் ஒன்று. 1930-களில் மீண்டும் ஆய்ந்தனர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மறுபடியும் ஆய்ந்தனர். கோயிலில் விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கையைக் கல்லில் வெட்டிவைத்த நாட்டில், ஆள்களின் வயிற்றையும் கடனையும் எண்ணத் தொடங்கியது எளிய செயலா? நாமும் அவ்வழி வந்தவர் என்ற செருக்கோடுதான் படிவத்தைக் கையில் வாங்கினோம்.

அன்று மாலை ஆசிரியர் அறையில் பேச்செழுந்தது. "வறுமை, என்ன செய்வது?" என்றார் ஒருவர். "படித்து என்ன ஆகப்போகிறாள்? கைத்தொழிலாவது மிஞ்சட்டும்" என்றார் மற்றொருவர். அந்த மற்றொருவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

இரவில் உறக்கம் வரவில்லை. பழைய கல்லூரிக் குறிப்பேட்டைப் புரட்டினோம். மைரன் வீனர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1991-ல் வெளியிட்ட 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' என்ற நூலைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதி எட்டு வாங்கியிருந்தோம். என்ன சொன்னார் அவர்? இந்தியாவைவிட ஏழ்மையில் கிடந்த நாடுகளும் கல்வியைக் கட்டாயமாக்கிப் பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டன. ஆகவே இங்குள்ள தடையை வறுமை ஒன்றால் விளக்கிவிட முடியாது. மூளையால் உழைப்போர் ஒரு கூட்டம், கையால் உழைப்போர் வேறொரு கூட்டம், இருவர் பிள்ளைகளுக்கும் ஒரே கல்வி எதற்கு என்று படித்தவர் நெஞ்சில் உறைந்த நம்பிக்கையே பெருந்தடை என்றார். அதிகாரிகளிடம் மட்டுமா கண்டார் அந்த நம்பிக்கையை? ஆசிரியரிடமும் கண்டார். தேர்வுத்தாளில் அதை எழுதியபோது யாரோ பழைய பஞ்சாங்கங்களைச் சொல்கிறார் என்றே எண்ணினோம்.

1953-ல் இராசாசி ஆட்சி ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடு கொதித்தது. 1954-ல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அந்த வெற்றியை ஆண்டுதோறும் வகுப்பில் முழங்குவோம், குரல் கம்ம முழங்குவோம்! 'கைத்தொழிலாவது மிஞ்சட்டும்' என்ற சொல்லுக்கும் அத்திட்டத்துக்கும் என்ன தொலைவு?

கேள்வியை மாற்றிப் பார்ப்போம் என்று துணிந்தோம். 2019-ல் நாடெங்கும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடந்தது. 'வேலை செய்கிறாயா?' என்று கேளாமல், ஆறு வயது முதல் எல்லாரிடமும் ஒரு முழு நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து, எப்பொழுதில் என்ன செய்தீர் என்று கேட்ட ஆய்வு அது. 1998-99-ல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டம் பார்த்தபோது தமிழகமும் அவற்றுள் ஒன்று. அடுக்களையில் தேயும் பெண்ணை 'சும்மா இருக்கிறாள்' என்று எழுதிவந்த பழைய கணக்கின் முகத்தில் அறைந்த முறை. அதையே வகுப்புப் பயிற்சியாக்கி, "நேற்றை எழுதுங்கள்" என்றோம்.

அவள் எழுதிய பக்கம் இது: 5.00 எழுந்தேன். 5.30 தண்ணீர் பிடித்தேன். 6.00 அப்பாவுக்கு உதவி. 6.30 அப்பாவுக்கு உதவி. 7.00 அப்பாவுக்கு உதவி. மாலை 5.00 முதல் இரவு 8.30 வரை அதே சொற்கள், வரிக்கு வரி, கோணாத கையெழுத்தில். வேலை என்ற சொல் பக்கத்தில் எங்கும் இல்லை. அதுவும் பள்ளிக்கு வந்த நாளின் கணக்கு!

உதவி! சட்டமும் இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவைச் சிறுவர்க்கு விலக்கிய தொழிற்பட்டியலில் வைத்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு அவ்விலக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016-ல் வந்த திருத்தமும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர முயல்வோம் என்று 1950-ல் அரசியல் சட்டம் உரைத்தது. அதற்கான உரிமைச் சட்டம் நடப்புக்கு வந்த நாள் 2010 ஏப்ரல் 1. கெடு முடிந்து ஐம்பதாண்டு! வாக்குரிமையை ஒரே நாளில் எல்லார்க்கும் தந்த குடியரசு, எழுத்தைத் தர ஏன் இத்தனை காலம் எடுத்தது? அந்த ஐம்பதாண்டில் நம்மைப் போல் எத்தனை ஆசிரியர் எத்தனை கட்டங்களில் குறியிட்டிருப்பர்!

பக்கத்தை எடுத்துக்கொண்டு அவள் தந்தையிடம் சென்றோம். சினப்பார் என எதிர்பார்த்தோம். படித்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"சேலைக்குத்தான் சார் கூலி. உதவிக்கு ஆள் வெச்சா அந்தக் கூலியிலேயே பிரிச்சுத் தரணும். தரேன்னாலும் ஆளு எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

நம்மிடம் விடையில்லை. சட்டத்தின் பிரிவுகளைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்தபின் சொல்லவில்லை. அவர் கணவராயிற்றே என்று அதுவரை பேசாதிருந்த தாய்தான் உள்ளிருந்து சொன்னார்: "அவ அத்தை சும்மாத்தானே இருக்கா, கேட்டுப் பாருங்களேன்." சும்மா! அந்த அத்தையின் நாளையும் அரைமணி அரைமணியாகக் கேட்டால் என்ன வருமோ என்று எண்ணிக்கொண்டோம்.

வரும் கோடையில் நம் மாணவி எட்டாம் வகுப்பை முடிப்பாள், பதினான்கும் நிறையும், சட்டம் தந்த கட்டாயம் அத்துடன் தீரும். ஒன்பதாம் வகுப்புக்கு அவளை அனுப்புவதாகத் தந்தை இன்னும் சொல்லவில்லை. அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போதைக்கு அத்தை செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வந்து அந்தப் பலகையில் அமர்கிறார். திங்களன்று அண்ணனுக்கு விடுப்பு. முணுமுணுத்துக்கொண்டே அவன் அமர்கிறான். வெள்ளிக்கிழமைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.