மாரியோ இல்லாத மூணாம் பாகம்

நேத்து ராத்திரி தூக்கம் வரல. ‘டாங்கி காங் 3’ ஆட உட்கார்ந்துட்டேன். 1983-ல நிண்டெண்டோ ஆர்கேடுக்கு விட்டது.

1981-ல வந்த முதல் ஆட்டம் தெரியுமே, உருண்டு வர்ற பீப்பாயைத் தாண்டித் தாண்டி மாரியோ (அப்ப பேரு ஜம்ப்மேன்) மேல ஏறணும். அடுத்த வருஷம் ‘டாங்கி காங் ஜூனியர்’. அதுலயும் ஏறுற வேலைதான்.

மூணாவதுல மாரியோவே கிடையாது! ஸ்டான்லின்னு ஒரு பூச்சிமருந்து அடிக்கிற ஆள். செடி வளர்க்கிற கண்ணாடிக் குடில். மேல தொங்கிக்கிட்டே டாங்கி காங்ங்கிற கொரில்லா தேன்கூட்டைக் குத்தும், பூச்சியெல்லாம் பறந்து வந்து செடியைத் தூக்கிட்டுப் போகும். அந்தாளு கீழ நின்னு கொரில்லா மேலயே மருந்தடிச்சு, அதைப் படிப்படியா மேல தள்ளணும். ஏறுற ஆட்டத்தைச் சுடுற ஆட்டமா மாத்திட்டாங்க.

பேரை நம்பி வந்தவனுக்கு எரிச்சலாத்தான் இருந்திருக்கும். எனக்கென்னவோ பிடிச்சிருக்கு. கொரில்லாவைப் பார்த்தா செடி போயிடுது, செடியைப் பார்த்தா அது சத்தமில்லாம இறங்கிடுது. கடைசிச் செடியைக் காப்பாத்தப் போய், கொரில்லா தலைக்கு மேல வந்து நின்னதைக் கவனிக்கவே இல்ல.

படுக்கும்போது மணி மூணு.