கழுக்குன்றின் உச்சிவேளை விருந்தினர்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில், ஏறத்தாழப் பாதி வழியில் திருக்கழுக்குன்றம் அமைந்துள்ளது. வேதமே மலையாய் நின்றதால் இது வேதகிரி. மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்துப் பெருங்கோயிலில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரி அம்மையும். மூவர் பாடல் பெற்ற தலம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் தீர்த்தமும் உண்டு. ஆயினும் 500-க்கும் மேற்பட்ட படிகளை வெயிலில் ஏறிவரச் செய்தவை, உச்சிவேளையில் வந்திறங்கிய இரண்டு பறவைகளே. 'பட்சி தீர்த்தம்' என்ற பெயரும் அவற்றால் வந்ததே.

சர்க்கரைப் பொங்கலுடன் ஒருவர் பாறையில் வந்து அமர்வார். கூடியிருப்போர் அண்ணாந்து பார்த்திருக்க, வானில் ஒரு புள்ளி தோன்றி வட்டமிட்டு இறங்கும், பின்னாலேயே மற்றொன்று. கையெட்டும் தொலைவுக்கு நடந்துவந்து உண்டபின் பறந்துவிடும். சாபம் பெற்ற முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகு வடிவில் இங்கு வழிபடுகின்றனர் என்பது தலபுராணம். திரேதா யுகத்தில் வந்தவர்கள் சம்பாதியும் சடாயுவும். காசியில் நீராடி இங்கு உணவருந்தி இராமேசுவரம் செல்வதாகவும் சொல்வர். பதினேழாம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் இம்மலை ஏறி, ஒருகல் மண்டபத்தில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றுள்ளனர்.

கழுகு என்று வழங்கினாலும், இப்பறவை உயிருள்ள இரையை வேட்டையாடிப் பிழைக்கும் கழுகு இனத்தைச் சேர்ந்ததன்று. வெண்ணிற உடலும், கருமையான இறகு நுனிகளும், மஞ்சள் முகமும் கொண்ட மஞ்சள்முகப் பாறு இது. தமிழ்நாட்டுக்கு இது அயலானும் அன்று. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 'செஞ்சிக் கழுகு' என்று இதை விவரித்ததால், இந்தியக் கிளையினத்தின் அறிவியல் பெயரிலேயே செஞ்சி 'ஜிஞ்ஜினியானஸ்' என இடம்பெற்றுள்ளது.

பிணந்தின்னி என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதன் உணவு முறையைச் சற்று அறிந்தால் மனம் மாறுவர். இறந்த கால்நடையை முதலில் கிழிப்பவை பெரிய பாறுகள். வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் தம் நீண்ட கழுத்தை உள்ளே நுழைத்து மென்தசையை உண்ணும். மஞ்சள்முகப் பாறோ ஓரத்தில் காத்திருந்து, எலும்புகளின் இடுக்கில் எஞ்சியதை மெல்லிய அலகால் கொத்தி எடுக்கும். பூச்சி, பறவை முட்டை, சிற்றுயிர்கள் என எது கிடைத்தாலும் விடாது. ஆப்பிரிக்காவில் கல்லை அலகால் வீசித் தீக்கோழி முட்டையை உடைப்பதும் இதே இனமே. சாணத்தையும் உண்ணும். அதிலுள்ள நிறமிகளே அதன் முகத்துக்கு மஞ்சளைத் தருகின்றன என்று 2002-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அடியார்கள் கண்டு கைகூப்பிய அந்த மஞ்சள், மேய்ச்சல் நிலத்துப் பசுக்கள் தந்த நிறம்!

ஆக, பாறையில் வைத்த பொங்கல் அவற்றின் உணவில் ஒரு கவளம் மட்டுமே. எஞ்சிய வயிற்றை நிரப்பியவை சுற்றியிருந்த ஊர்களின் மந்தைகள், மேய்ச்சல் வெளிகள், ஊர்ப்புறத்தில் இடப்பட்ட இறந்த மாடுகள். பாறுகளின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியிலுள்ள நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அதில் மடிந்துபோகும். கூட்டமாய் இறங்கினால் ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும்.

1990-களில் இந்தச் சங்கிலி அறுந்தது. மலைக்கு வந்த பறவைகளின் வருகையும் அந்தப் பத்தாண்டோடு நின்றது. கலியின் குறி என்று சொல்லி அமைதி அடைந்தவர்கள் உண்டு. ஆனால் இழப்பு ஒரு குன்றோடு நிற்கவில்லை. 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. மஞ்சள்முகப் பாறும் பெரிதும் குறைந்து, 2007-இல் உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெரிய பாறுகளைக் கொன்றது எதுவென்று 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு காட்டியது: மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழக்கும். உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெண்பொடியாய்ப் படியும். மாட்டின்மீது இரக்கம்கொண்டு போட்ட மருந்து அது என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

பாறுகள் விட்ட இடத்துக்குத் தெருநாய்கள் வந்தன. வெறிநாய்க்கடி அச்சமும் கூடியது. அழுகும் உடல்கள் நீர்நிலைகளைக் கெடுத்தன. பாறுகளின் மறைவால் 2000-க்கும் 2005-க்கும் இடையே இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பொருளாதார ஆய்வாளர் இருவர் 2024-இல் கணித்துள்ளனர்.

தமிழ்நாட்டில் இன்று பாறுகளைக் காண விரும்புவோர் கிழக்குக் கடற்கரையை விட்டு நீலகிரியின் வடசரிவுக்கு, முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்ல வேண்டும். புலியும் சிறுத்தையும் செந்நாயும் வேட்டையாடிய மானின் மிச்சம் அங்கே அவற்றுக்கு உணவாகிறது. காட்டு விலங்குக்கு ஊசி போடுவாரில்லை. ஆனால் காட்டோரத்தில் மேயும் மாடுகளுக்குப் போடுவார்கள். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் என்பதால், ஒரே ஒரு நஞ்சேறிய சடலமும் பல ஆண்டு ஈட்டத்தைப் போக்கிவிடும்.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-லும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை 2023-லும் தடை செய்யப்பட்டன. மாற்றாக மெலாக்சிகாம் இருக்கிறது. அது பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று சோதனைகளில் உறுதியாகியுள்ளது. கோயில் கோசாலைகளுக்குத் தீவனமும் நன்கொடையும் அளிக்கும் அன்பர்கள், நோயுற்ற பசுவுக்கு அங்கே எந்த ஊசி போடப்படுகிறது என்பதையும் ஒருமுறை கேட்டறியலாம். மருந்துப் புட்டியின் பெயர்ச்சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.