இடப்பக்கத்து இருக்கை

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமா கேட்ட முதல் கேள்வி, "அமெரிக்காவுல டிரைவர் இல்லாமயே கார் ஓடுதாமே, மெய்யா மாப்ளே?" என்பதுதான். மெய்தான் என்றேன். பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் வேமோ என்ற நிறுவனத்தின் கார்கள் ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்க, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்வதைச் சொன்னேன். மாமா சற்று நேரம் யோசித்தார். பிறகு, "அப்ப லெஃப்ட் சைடு யாரு பாப்பாங்க?" என்றார்.

கல்லூரியில் பொருளியல் கற்பித்துக் காலம் தள்ளிய எனக்கு, தானியங்கி வாகனங்களைப் பற்றி யோசித்தபோதெல்லாம் ஓட்டுநரைத் தவிர வேறு ஒருவரும் நினைவுக்கு வந்ததில்லை. மாமாவின் கேள்வி கிளீனரைப் பற்றியது.

திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு லாரியைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்த அந்த மண்ணில் பள்ளிப்படிப்பு ஏறாத பையனுக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருந்தது. யாராவது உறவுக்கார ஓட்டுநரிடம் கிளீனராகப் போய்ச் சேர்வது. நானும் போனேன், ஒரே ஒரு முறை. 1987இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடையில், மாமா ஓட்டிய லேலண்ட் காமெட் வண்டியில் சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை. (நம் ஊர் ஜவ்வரிசியை மராட்டியர்கள் விரத நாட்களில் கிச்சடியாக்கி உண்கிறார்கள் என்பதை அந்தப் பயணத்தில்தான் அறிந்தேன். பாயசத்துக்கு அப்பால் அதற்கு ஒரு வாழ்வு உண்டு என்பது எனக்கு வியப்பாக இருந்தது.)

கிளீனர் என்றால் வண்டி துடைப்பவன் என்று அதுவரை நினைத்திருந்தேன். துடைப்பது அவனுடைய வேலைகளில் கடைசி. தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டுவது, நிறுத்துமிடந்தோறும் இறங்கி இரும்புக் கம்பியால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்ப்பது. காற்றுள்ள டயரின் ஓசை ஒன்று, குறைந்ததன் ஓசை வேறொன்று. தொப்பூர் மேட்டில் வண்டி திணறி ஏறும்போது மரக்கட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு பின்சக்கரத்தோடு நடக்க வேண்டும், நின்றுவிட்டால் அந்தக் கணமே சக்கரத்தடியில் கட்டையைப் போட. செக்போஸ்ட்டில் காகிதக் கட்டோடு ஓடுவது, சோறு பொங்குவது, ஓட்டுநர் கண் சொக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது. எல்லாவற்றுக்கும் மேலாக இடப்பக்கத்தைப் பார்ப்பது. நம் வண்டிகளில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். அத்தனை நீளமான வண்டியின் இடப்பக்கம் அவருக்கு ஏறக்குறைய இருட்டு. அந்த இருட்டுக்குக் கண்ணாக இருப்பவன் கிளீனர். கதவுக்கு வெளியே உடம்பை நீட்டி, "வா, வா, லெஃப்ட் ஒடி, இன்னும் ஒடி, நேர் பண்ணு" என்று குரல் கொடுக்கிறான். தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிற்கவேண்டும், இரண்டு தட்டினால் போகலாம்.

இவ்வாறு இரண்டு மூன்று வருடங்கள் கழிந்தபின், ஆளற்ற நெடுஞ்சாலையில் விடியற்காலை நேரமொன்றில், "கொஞ்ச தூரம் பிடிடா" என்று சக்கரம் அவன் கைக்கு வரும். அதுதான் பட்டமளிப்பு. கட்டணமற்ற, கட்டடமற்ற ஒரு பள்ளி அது. எட்டாம் வகுப்பு தேறியிருக்கவேண்டும் என்று சரக்கு வாகன ஓட்டுநருக்கு இருந்த விதியை மத்திய அரசு 2019இல் நீக்கியது, படிப்பில்லாதவர்களுக்கும் வேலை கிடைக்கட்டும் என்று. நல்ல எண்ணந்தான். ஆனால் அதற்குள் அந்தப் பள்ளியின் வகுப்பறை காலியாகத் தொடங்கியிருந்தது.

எப்படிக் காலியாயிற்று என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பவர் ஸ்டீயரிங் வந்தது. டியூப் இல்லாத டயர் வந்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தவுடன் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று, சுங்கச் சாவடியில் இறங்கிச் சில்லறை கொடுக்க ஆள் தேவையில்லை. வழி கேட்பதற்குக் கைப்பேசி இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூடத் தீது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒவ்வொன்றும் கிளீனரின் கையிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. மிஞ்சியது இடப்பக்கம் பார்ப்பதும் பேச்சுத்துணையும்தான். அவற்றுக்காக ஒரு ஆளுக்குப் பேட்டா கொடுக்க உரிமையாளர்கள் விரும்பவில்லை. இன்று சங்ககிரிப் பக்கம் நின்று பாருங்கள், போகிற லாரிகளில் பலவற்றில் இடப்பக்கத்து இருக்கையில் ஒரு தண்ணீர்க் குடுவையும் போர்வையும் மட்டுமே இருக்கும். எந்தச் சங்கமும் கொடி பிடிக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஓட்டுநர், நடத்துநர் ஆகியோருக்கு அடுத்தபடியாகக் கிளீனர் என்ற சொல்லும் இடம்பெற்றிருந்தது. சாலையில் அருகிவிட்டது.

அதே உரிமையாளர்கள் இப்போது வண்டி ஓட்ட ஆள் கிடைப்பதில்லை என்று சொல்கிறார்கள். கிடைக்காததற்குக் காரணங்கள் பல. கூலி, வீட்டைப் பிரிந்த வாழ்வு, பெண் கொடுக்கத் தயங்கும் சமூகம், உலை போன்ற கேபின் (2025 அக்டோபருக்குப் பின் தயாராகும் பெரிய லாரிகளின் கேபின்களுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. மாமா இதைக் கேட்டு ஐந்து நிமிடம் சிரித்தார்). ஆனால் ஓட்டுநர் உருவாகும் இருக்கையை முதலில் நாமே கழற்றிப் போட்டுவிட்டோம் என்பதும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது. ஆள் கிடைக்கவில்லை என்பதே நாளை இயந்திரத்தைக் கொண்டுவருவதற்கான நியாயமாகவும் ஆகும்.

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள், பழைய காலத்தை எண்ணி ஏங்கும் ஒரு கிழவனின் புலம்பல் என்று கருதக்கூடும். கருத வேண்டாம். அந்த இடப்பக்கத்து இருக்கைக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

1993இல், விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில், தர்மபுரிக்கு முன்பாக மாமா கண்ணயர்ந்தார். விளக்கின்றி ஓரத்தில் நின்றிருந்த வண்டி ஒன்று கடைசிக் கணத்தில் கண்ணில் பட்டது. கை தானாகவே சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிற்று. எந்த ஓட்டுநரின் கையும் அதைத்தான் செய்யும், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும். மோதியது இடப்பக்கம். கிளீனர் பையனுக்குப் பதினேழு வயது, பக்கத்து ஊர்க்காரன். அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான், மாமாதான் "கொஞ்சம் படுத்துக்கடா" என்று சொல்லியிருந்தார். மூன்று இரவுகளாக வண்டியை ஓய்வின்றித் திருப்பி அனுப்பிய உரிமையாளர் மேல் வழக்கு இல்லை. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மேற்சொன்ன சட்டம் வகுத்ததைப் பற்றி நீதிமன்றத்தில் யாரும் பேசவும் இல்லை. தண்டனை மாமாவுக்கு. வெளியே வந்து மறுபடியும் லாரிதான் ஓட்டினார், வேறு தொழில் தெரியாது. அந்தப் பையனின் தாய் உயிரோடிருந்தவரை ஆடிமாதந்தோறும் அந்த ஊருக்குப் போய்விட்டு வருவார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஆகவே ஆளில்லாத வண்டியைப் பற்றி மாமா கேட்ட இரண்டாவது கேள்வி எனக்கு வியப்பளிக்கவில்லை. அதை அவர் என்னிடம் கேட்கவில்லை, தன் பேத்தியிடம் கேட்டார்.

"அது தூங்காதில்ல கண்ணு?"

"தூங்காதுங்க அப்பாரு."

"அப்ப வரட்டும்" என்றார்.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது அரசின் கணக்கு. வேலை இழப்பைப் பற்றி மேடைகளில் பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசவேண்டும் என்று அன்று தோன்றியது. சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, வேலையைப் பறிக்கும் ஓட்டுநரற்ற கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று 2017 ஜூலையில் சொன்னார், பின்னரும் சொல்லியிருக்கிறார். வண்டியை எல்லையில் நிறுத்திவிடலாம். ஆனால் அந்த வண்டிக்கான வேலை இங்கே எப்போதோ வந்துவிட்டது. மாமாவின் பேத்தி செய்வது அதைத்தான்.

அவள் கணினி அறிவியலில் இளங்கலை முடித்தவள். பக்கத்துச் சிறுநகரத்தில் ஓர் அலுவலகத்தில் இரவுப் பணி. எங்கோ ஓர் அயல்நாட்டுத் தெருவில் எடுத்த படங்கள் திரையில் வரும். கார், லாரி, நடப்பவர், மிதிவண்டி, சாலையில் வைக்கும் கூம்பு என ஒவ்வொன்றைச் சுற்றியும் கட்டம் வரைந்து பெயர் சூட்டவேண்டும். இலட்சக்கணக்கில் இவ்வாறு பெயர் சூட்டிய படங்களைக் கண்டுதான் இயந்திரம் உலகைக் கற்றுக்கொள்கிறது. உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லையாதலால் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். பாதி மறைந்த மனிதனையும் கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமாம். நிழலைச் சேர்க்கக் கூடாதாம்.

கட்டம் வரைவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், இரவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. காரின் கணினி அவரைக் கண்டது, மோதுவதற்கு ஐந்து விநாடிகளுக்கு முன்பே கண்டது. ஆனால் ஒரு கணம் வாகனம் என்றும், மறுகணம் இனந்தெரியாப் பொருள் என்றும், பிறகு மிதிவண்டி என்றும் மாற்றி மாற்றி முடிவு செய்தது. சாலையை எங்கு வேண்டுமானாலும் கடக்கக்கூடிய மனிதன் என்று ஒருவன் உண்டென்பது அதற்குச் சொல்லித் தரப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. தண்டிக்கப்பட்டது யார் என்று கேட்டால், இருக்கையில் அமர்ந்து கண்காணிக்கவேண்டிய ஊழியர். அவர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு இல்லை. இதைச் சொல்லி முடித்தபோது மாமா திண்ணையிலிருந்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அவரைச் சிரிக்க வைத்த செய்தி வேறு. டெக்சாஸில் டல்லஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே அரோரா என்ற நிறுவனம் 2025இல் ஓட்டுநரற்ற லாரிகளை வணிகமுறையில் ஓட்டத் தொடங்கிற்று. சில வாரங்களுக்குள், லாரியைச் செய்து கொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டதால், முன்னிருக்கையில் ஒரு மனிதரை உட்கார வைத்தார்கள். ஓட்டுவதற்காக அல்ல, சும்மா பார்த்துக்கொண்டு வருவதற்கு.

"ஓட்டமாட்டான். ஆனா உக்காந்திருப்பான்."

"ஆமாங்க மாமா."

"அட, கிளீனர்டா அவன்!"

நானும் சிரித்தேன். பேத்தி சிரிக்கவில்லை. வேமோவின் புதிய வண்டியில் 13 கேமராக்கள், 4 லிடார்கள், 6 ரேடார்கள், இடப்பக்கம் வலப்பக்கம் என்ற பேதமே அதற்கு இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் குறுக்கிட்டு, "கேமராவுக்குத் தெரியும், ஆனா என்னன்னு தெரியாதுங்க மாமா. அதை நாங்கதான் சொல்லோணும்" என்றாள். பிறகு, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, இப்போது கட்டங்களை இயந்திரமே போட்டுவிடுகிறது, தவறிப்போனதை மட்டும் தாங்கள் திருத்துகிறோம், நாற்பது பேர் இருந்த கூடத்தில் பதினைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றாள்.

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ எப்படிக் கண்ணு இந்த வேலை பழகுனே?"

"முதல் மூணு மாசம் ஒரு அக்கா பக்கத்துல உக்காந்துங்க அப்பாரு. அவங்க போடறதைப் பாத்துப் பாத்து."

"இப்பப் புதுசா வர்ற புள்ளைங்க?"

"புதுசா யாரையும் எடுக்கறதில்லீங்க."

இரவு எட்டரைக்கு அலுவலக வேன் வந்தது. எங்கள் சந்து குறுகல், உள்ளே வந்தால் பின்னோக்கித்தான் போகவேண்டும். அவள் ஏறி அமர்ந்ததும் வேன் கீச்கீச்சென்று ஒலியெழுப்பத் தொடங்கிற்று, அதன் பின்புறத்துக் கேமரா ஓட்டுநருக்கு முன்னால் சிறு திரையில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது. மாமா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, வேனின் இடப்பக்கமாகப் போய் நின்றார். "வா, வா... சாக்கடை இருக்குது, ரைட்ல ஒடி... நேர் பண்ணு" என்று அவர் குரல் கேட்டது. தெருமுனை சேர்ந்ததும் தகரத்தில் இரண்டு முறை தட்டினார்.