வரவு கூடும், செலவு குறையும்

புரதத் தேவையை அளக்கிற வேலையில் பாதி, சிறுநீர் சேகரிக்கிற வேலைதான். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை அத்தனையும் கேனுக்குள் வர வேண்டும். அமோனியா ஆவியாகாமலிருக்கக் கேனில் முன்பே கொஞ்சம் அமிலம் ஊற்றி வைப்போம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். சாப்பாட்டில் உள்ளே போன நைட்ரஜனும் உடம்பிலிருந்து வெளியே வந்ததும் எந்த அளவில் சமமாகிறதோ, அதுவே தேவை.

இதில் தவறு வருவதுகூடப் பரவாயில்லை. வருகிற தவறெல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. தட்டில் ஒட்டிய பருப்பும் சாப்பிட்டதாகவே வரவில் ஏறும். கேனை மறந்து கழிப்பறையில் போனது, வியர்வை, உதிர்ந்த தோல், முடி, நகம் எதுவும் செலவில் ஏறாது. தாள் காட்டும் மிச்சத்தை நம்பினால், சும்மா உட்கார்ந்திருந்தவரும் ஒரு வருடத்தில் பயில்வானாகியிருக்க வேண்டும்! இரண்டு பக்கமும் சிதறும் தவறு, ஆட்களைக் கூட்டினால் அடங்கிவிடும். ஒரே பக்கம் சாய்வது அப்படி அடங்காது. அதனால்தான் தோலுக்கும் வியர்வைக்கும் ஓர் உத்தேச எண்ணைச் செலவில் சேர்க்கிறோம்.

டொரன்டோவில் பென்சார்ஸ், பால் குழுவினர் வளர்த்த முறைக்குக் கேன் வேண்டாம், மூச்சே போதும். கார்பன்-13 ஏற்றிய பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கொடுப்பார்கள். புரதம் போதாத உடம்பு அதைத் தசையாகக் கட்ட வழியின்றி எரித்துவிடும். மூச்சில் கார்பன்-13 ஏறும். புரதத்தைக் கூட்டக் கூட்ட அது இறங்கி, ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடம்தான் தேவை. 2007இல் இம்முறை இளைஞர்களுக்குச் சொன்ன சராசரி, உடல் எடையில் கிலோவுக்கு 0.93 கிராம். அதே ஆண்டு வெளியான உலக சுகாதார நிறுவன அறிக்கை, நைட்ரஜன் கணக்கை வைத்துச் சொன்னது 0.66.

மூச்சு முறைக்கும் சாய்வு உண்டு. மணிக்கொரு முறை ஊட்டிச் சில மணி நேரமே பார்க்கிறது; இரவுப் பட்டினி அதன் கண்ணில் படாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா கர்பட் குழுவினர் இரவையும் சேர்த்து 24 மணி நேரம் அளந்தது இதனால்தான். அரிசி, கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் தேவை, 1985 அறிக்கையில் கிலோவுக்கு 12 மில்லிகிராமாக இருந்து 2007இல் 30 ஆக உயர்ந்ததில் இத்தகைய சோதனைகளுக்குப் பங்குண்டு.

ஐசிஎம்ஆர் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ எடைக்குச் சுமார் 50 கிராம். அதற்கு அடியிலும் தேவையைக் குறைத்துக் காட்டும் அந்த நைட்ரஜன் கணக்குதான் இருக்கிறது. அதனால் யார் கேட்டாலும், இதற்குக் கீழே இறங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இதோடு நிறுத்துங்கள் என்று சொல்வதில்லை.