வெள்ளாற்றங்கரையில் ஒரு மீன் வைத்தியம்

சென்ற மாதம் ஆசிரியர் குழுவிலிருந்து எனக்கு ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தார்கள். குறிஞ்சிப்பாடி பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியது. 'பேத்திக்காக வாங்கிய கண்ணாடித் தொட்டியில் மீன்கள் தினம் ஒன்றாகச் சாகின்றன. கடையில் கொடுத்த நீல மருந்தையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். வேறு நல்ல மருந்து இருந்தால் பெயர் எழுதவும்' என்று கேட்டிருந்தார். நெல்லுக்கும் மணிலாவுக்கும் பதில் எழுதிப் பழகியவன் நான். இருந்தாலும் இந்தக் கேள்வியை ஏன் என்னிடம் தள்ளினார்கள் என்பது தெரியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் நான் மீன்களைக் கொன்ற கதை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி. முழுக்க நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். ஆறு மாதம் மீன்கள் நன்றாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தண்ணீர் முழுவதையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து, புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்பினேன். அடுத்த நாளே எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் பாதி மீன்கள் போய்விட்டன. நோய் என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றினேன். மீதியும் போயிற்று.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தது ஒரு காரணம். ஆனால் பெரிய தப்பு அந்தப் பஞ்சுதான். மீன் தின்னும் தீவனத்தின் புரதம் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. அது மீனுக்கே விஷம். வயலில் யூரியா போட்டால் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வகைதான் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருந்து, இந்த அம்மோனியாவை மாற்றிக்கொடுக்கிறது. வயலில் அது வேகமாக வேலை செய்தால் தழைச்சத்து வீணாகும் என்றுதான் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறோம். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் அப்படிப் பூச வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தொட்டியில் அதே பாக்டீரியா சுறுசுறுப்பாக இருந்தால்தான் மீன் பிழைக்கும். முப்பது வருடமாக விவசாயிகளுக்குத் தழைச்சத்துப் பாடம் எடுத்தவன், பஞ்சைப் பிழியும்போது அதை மறந்துவிட்டேன்.

கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று, மார்கழியில் ஒரு சனிக்கிழமை பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பினேன். திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ரயில் ஏறினால் கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், அடுத்து பரங்கிப்பேட்டை. இருபுறமும் சம்பா தண்டு உருண்டு நின்றது. மூன்று நாள் மூடாப்பு விலகி அன்றுதான் வெயில் வந்திருந்தது. மூடாப்பு நாட்களில் கெண்டைக் குளம் வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் குளத்தைப் போய்ப் பார்ப்பார்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுத் தொட்டிக்கும் இதே கணக்குத்தான். எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து தவித்தால் மீனைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒன்றிரண்டு மட்டும் ஒதுங்கி, துடுப்பை மடக்கிக்கொண்டு, கல்லில் உடம்பைத் தேய்த்தால் அப்போது நோயைப் பற்றி யோசிக்கலாம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அண்ணாமலை நகரில் நான் வேளாண்மை படித்த நாட்களில் விடுதித் தோழர்களைப் பார்க்கும் சாக்கில் மீன் சாப்பிட அங்கே போவதுண்டு. கடலில் பவளப்பாறை ஓரம் வாழும் கோமாளி மீனை, இந்த வெள்ளாற்று முகத்துவாரத் தண்ணீரைக் கொண்டே முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டிய இடம் அது.

என் விடுதி நண்பர், மீன் படிப்புப் படித்தவர், ஆற்றங்கரையில் காத்திருந்தார். மழை வெள்ளம் வந்து ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. "சித்திரையில வந்தா இதே இடத்துல தண்ணி கடலாட்டம் கரிக்கும். இப்ப உப்பே தெரியாது. இங்க இருக்கிற மீன் ரெண்டுக்கும் பழகிக்கும்யா. ஆனா மெதுவா மாறணும். நீ ஒரு மணி நேரத்துல மாத்திட்டே" என்றார். கடிதத்தைப் படித்துவிட்டு, "இவரு மருந்து பேரு கேக்குறாரு. எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை மீனுன்னு ஒரு வார்த்தை இல்லையே" என்று சிரித்தார். மண் பரிசோதனை செய்யாமல் உர அளவு கேட்பவர்களிடம் நானும் இப்படித்தான் சிரித்திருக்கிறேன்.

அங்கிருந்து அவருடைய வண்டியில் புவனகிரி பக்கம் போனோம். ஒரு பெண்மணி வீட்டுக்குப் பின்னால் நான்கு சிமென்ட் தொட்டிகளில் மோலியும் கப்பியும் வளர்த்து சிதம்பரம் கடைகளுக்குக் கொடுக்கிறார். மகளிர் குழுக் கடனில் கட்டிய தொட்டிகள். அன்று மாலை ஒரு கடைக்கு மீன் கொடுக்க வேண்டிய நாள். போனால், இரண்டு தொட்டிகளில் மோலி மீன்களின் உடம்பிலும் துடுப்பிலும் பொடி உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

"பத்து நாளைக்கு முன்னாடி சென்னையிலேருந்து புதுசா ஜோடி வாங்கியாந்து விட்டேன் சார். அதுலேருந்துதான்" என்றார். நோய் எப்படி வந்தது என்பதை அவரே சொல்லிவிட்டார். இரண்டாம் தொட்டிக்குப் போனது எப்படி? சுவரில் ஒரே ஒரு கைவலை தொங்கியது.

இந்த வெள்ளைப்புள்ளி நோயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். புள்ளிக்குள் இருப்பது ஒரு செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து கொழுக்கும். பிறகு தானாக உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். பிரிந்த குஞ்சுகள் நீந்தி வந்து மீனைத் தேடும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். தோலுக்கு அடியில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து எட்டாது. நீந்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சாகடிக்க முடியும். கூட்டுப்புழுவின் மேல் பூச்சிமருந்து அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். பலரும் மருந்து ஊற்றிய மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அது அடியில் போய்ப் பெருகிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் வெயிலில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். மார்கழிக் குளிரில் இழுக்கும். குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தியும் குறையும்.

நண்பர் சொன்ன வைத்தியம் கல்லுப்பு. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் உயரத்தை அடியில் அளந்து பெருக்கி, அதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். அவருடைய தொட்டி ஒவ்வொன்றும் 6 அடிக்கு 4 அடி, தண்ணீர் ஒன்றரை அடி, ஆயிரம் லிட்டர். ஆகவே 2 முதல் 3 கிலோ உப்பு. அதைத் தனியாகக் கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். தினமும் அடித்தண்ணீரில் கால்பங்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், கூடுகள் அங்கேதான் இருக்கும். எடுத்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும். உப்பு ஆவியாகாது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். மோலியும் கப்பியும் உப்பைத் தாங்கும் மீன்கள். செதில் இல்லாத கெளுத்தி வகையும் நீர்ச்செடிகளும் அவ்வளவு தாங்காது.

அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "புள்ளி இல்லாத மீனாப் பொறுக்கி இன்னிக்குக் கடைக்குக் குடுத்துடவா சார்? தவணை கட்டணும்" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். கொடுத்தால் யாருக்கும் தெரியாது. புள்ளி இல்லாத மீனிலும் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். கடையிலிருந்து பத்து வீட்டுக்குப் போகும். குறிஞ்சிப்பாடி கடிதம் மாதிரி இன்னும் பத்துக் கடிதம் வரும். அதைச் சொன்னேன். தவணைக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, கடைக்காரருக்குப் போன் போட்டு, "ரெண்டு வாரம் மீன் இல்லண்ணே, நோவு வந்திருக்கு" என்றார். அந்தப் பக்கம் சத்தமாக ஏதோ கேட்டது. அவர் பதில் பேசாமல் வைத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தோம். தொட்டித் தண்ணீர் வாய்க்காலில் விழும்படி குழாய் வைத்திருந்தார். வாய்க்கால் போய்ச் சேருமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கெண்டைக் குளம். இந்த நோய் கெண்டைக்கும் வரும். 1988 வாக்கில் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்த புண் நோய், சில வருடங்களில் தமிழ்நாடு வரை இறங்கி விராலையும் கெண்டையையும் அழித்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நோய் தண்ணீரோடும் மீனோடும்தான் பயணப்படுகிறது. ஆகவே கழிவுத் தண்ணீரைத் தென்னம்பாத்திக்குத் திருப்பச் சொன்னேன். தென்னை அந்த உப்பைத் தாங்கும், வாழைக்கு வேண்டாம். வேளாண்மைக்காரன் சொல்ல அங்கே ஒன்றாவது இருந்ததே என்று சந்தோஷம்.

மாலையில் சிதம்பரம் வந்து, மீன் கடை ஒன்றில் எட்டிப் பார்த்தேன். நீல மருந்துப் புட்டிகள் வரிசையாக இருந்தன. மெத்திலின் புளூ கெட்ட மருந்து இல்லை. பூஞ்சைக்குத் தனி வாளியில் வைத்துக் கொடுக்கலாம். தொட்டியிலேயே ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் கெட்டுப்போகும். மனிதர்களுக்கான கேப்சூலை உடைத்துப் போடுவதும் நடக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள். வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப் பழம்போல விரிந்து நிற்கும் மீன் பிழைப்பது அபூர்வம். அதைத் தனியே எடுத்துவிடுவது மற்ற மீன்களுக்கு நல்லது. கடைக்காரர் ஒரு சக்கர் மீனைக் காட்டி, "பாசியெல்லாம் தின்னுடும் சார், பெருசானா குளத்துல விட்டுடுங்க" என்றார். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் அப்படி விட்ட மீன்கள் பெருகி வலைகளைக் கிழிக்கின்றன. அதைச் சொல்லி வாங்காமல் வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண்மணி பேசினார். முதல் தொட்டியில் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டாவதில் பெரும்பாலும் தேறிவிட்டன. "ஒரு மோலி குட்டி போட்டிருக்கு சார், முப்பதுக்கு மேல இருக்கும். தனி வலை வாங்கிட்டேன்" என்றார். தவணையைப் பற்றிக் கேட்டேன். கொழுந்தனாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறாராம்.

குறிஞ்சிப்பாடி வாசகருக்கு: ஐயா, மருந்தை நிறுத்துங்கள். இரண்டு நாள் தீவனமும் வேண்டாம். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரால் தினமும் கால்பங்கு மாற்றுங்கள். பஞ்சைக் குழாயில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், மீன் எத்தனை, வாங்கி எத்தனை நாள் ஆகிறது, செத்த மீனின் உடம்பில் புள்ளியோ பஞ்சுபோன்ற படலமோ இருந்ததா, சாகுமுன் மேலே வந்து தவித்ததா என்று எழுதுங்கள். பதில் வந்ததும் அடுத்த இதழில் சொல்கிறேன்.