சூரை, வற்றாளங்கிழங்கு, ஒரு தேக்கரண்டி பாணி

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கிண்ணம். அதுக்குள் அரைத்துப் பொரித்த மாட்டிறைச்சி, சுட்ட வற்றாளங்கிழங்கு, கொட்டேஜ் சீஸ், அரைவாசி அவகாடோ. எல்லாத்துக்கும் மேல மிளகாய் போட்ட தேன். "ஹை புரோட்டீன், லோ கலோரி" எண்டு எழுத்து ஓடும். 2025 முழுக்க எங்கட போன்களில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. இறைச்சிக்கு மேல தேனா எண்டு முதலில் சிரித்தோம். ஒருநாள் பின்னேரம் உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது திரும்பவும் வந்தது, திரும்பவும் சிரித்தோம். அப்போது எங்கட கையில் உப்பும் கொச்சித்தூளும் பிரட்டின அன்னாசித் துண்டுகள்.

"நாங்கள் மட்டும் இப்ப என்னத்தைச் சாப்பிடுறம்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

அதுக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. செய்து பார்ப்பம் என்று முடிவெடுத்தோம்.

நாங்கள் நாலு பேர். ஒருவன் மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறான். வே பவுடர் டப்பாவின் விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவன். அந்தக் காசுக்கு ரெண்டு வீட்டுக்கு ஒரு மாதம் மீன் வாங்கலாம். இன்னொருவன் கொட்பேப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஒருத்தியின் அம்மாவுக்குச் சீனி வருத்தம், ஆகவே அந்த வீட்டில் எல்லாச் சாப்பாடும் ஏற்கெனவே கணக்குப் பார்த்துத்தான் அடுப்பில் ஏறும். மற்றவள் சாப்பிடுகிற ஒவ்வொன்றின் கலோரியையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைப்பவள். அன்னாசியை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டது அவள்தான்.

இனிப்பும் உறைப்பும் சேர்ந்த சாப்பாடு எங்களுக்குப் புதுசு இல்லை. பெயரிலேயே சீனி இருக்கிற சீனிச் சம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், புளி, கொச்சிக்காய், சீனி, அதுக்குள் மாசி. மாசி என்பது சூரை மீனை அவித்து, புகை போட்டு, கல்லு மாதிரிக் காயவைத்தது. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் இருந்த இப்னு பதூதா, அங்கிருந்து இந்தக் காய்ந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் போனதை எழுதியிருக்கிறார். ஜப்பான்காரரும் அதே மீனைப் புகை போட்டுக் காயவைக்கிறார்கள், சீனியும் சோயா சோஸும் ஊற்றி வற்ற வைத்தும் சாப்பிடுகிறார்கள். மலாய் அச்சாறில் சின்ன வெங்காயத்துக்கும் பச்சை மிளகாய்க்கும் நடுவில் பேரீச்சம்பழம் கிடக்கும். காலையில் அவித்த வற்றாளங்கிழங்கைத் தேங்காய்ப்பூவோடும் கட்டச் சம்பலோடும் சாப்பிடாத வீடு எங்கட ஊரில் குறைவு. அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மீனை வைத்தால் வீடியோவில் வந்த கிண்ணத்துக்குக் கிட்ட வந்துவிடும்.

ஆனால் "அப்பவே எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சிட்டினம்" எண்டு நெஞ்சை நிமிர்த்தவும் ஏலாது. அம்மா சமைக்கிற முறையில் அது ஹை புரோட்டீனும் இல்லை, லோ கலோரியும் இல்லை. துருவின தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி, புரதம் 3 கிராம்தான். சீனிச் சம்பலில் எண்ணெயும் சீனியும்தான் கனக்க, மாசி வாசத்துக்கு மட்டும். எங்கட துறைமுகத்தில் சாப்பாடு ரெண்டு வழியால் இறங்குகிறது. ஒன்று வள்ளத்தில் வருகிற மீன். மற்றது கப்பலில் வருகிற கோதுமை. சீனன்குடாவில் 1980 முதல் ஓடுகிற பிரீமா மாவாலைதான் அதை மாவாக்குகிறது. காசு குறைந்த நாளில் பாணும் ரொட்டியும்தான் வயிற்றை நிரப்புகின்றன. மீன் குழம்புக்குள் ஒரு துண்டாகச் சுருங்கிவிடும்.

எனவே நாங்கள் செய்ததெல்லாம் கோப்பையில் அளவை மாற்றியதுதான். மீனைக் கூட்டி, தேங்காயைக் குறைத்து, இனிப்பை ஒரு கரண்டிக்குள் அடக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் சந்தைக்குப் போனோம். மாட்டிறைச்சி எங்கட நாலு வீட்டில் மூன்றுக்குள் போகாது, ஆகவே சூரை. "சமைக்கிற ஆள் ஆர் தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே வியாபாரி அண்ணை வெட்டித் தந்தார். நாலு பேரும் கையைத் தூக்கினோம். அவர் நம்பவில்லை.

கொட்டேஜ் சீஸுக்குக் கிண்ணியா எருமைத் தயிர். சட்டித் தயிரைத் துணியில் கட்டி மூன்று மணித்தியாலம் தொங்கவிட்டோம். கீழே பாத்திரத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்த மாதிரி ஒரு தண்ணி இறங்கியது. ஜிம்காரன் அதைக் குனிந்து பார்த்தான். அதுதான் வே. பாலாடைக்கட்டி செய்யும்போது இறங்குகிற இதே மாதிரித் தண்ணியை வடித்துச் செறிவாக்கிக் காயவைத்துத்தான் டப்பாவில் விற்கிறார்கள். "அப்ப இதைக் குடிச்சா?" என்று கேட்டான். ஒரு கப்பில் ஒன்றிரண்டு கிராம் புரதம்தான் வரும் எண்டு சொன்னோம். இருந்தாலும் உப்புப் போட்டுக் குடித்தான்.

சூரையில் கொழுப்புக் குறைவு. அது நல்லதுதான், ஆனால் கொஞ்சம் கூட வெந்தால் நார் மாதிரி ஆகிவிடும். அதனால் தெற்கில் அம்புல் தியல் வைக்கிற முறையைக் கடன் வாங்கினோம். கொறுக்காய்ப்புளி, மிளகு, மஞ்சள், உப்பு, கொஞ்சத் தண்ணி. மண்சட்டியில் மூடி, சின்ன நெருப்பில் வற்றவிட்டோம். தேங்காய்ப்பால் இல்லை, எண்ணெய் இல்லை. கிழங்கைத் தோலோடு அவித்தோம். நாலு தேக்கரண்டி கித்துள் பாணியைச் சூடாக்கி, அதில் இடித்த செத்தல் மிளகாய் போட்டோம்.

"பிள்ளையள், மீனுக்கே பாணி ஊத்துறியள்?" என்று அம்மா குசினி வாசலில் வந்து நின்றா.

அவவின் கோப்பைக்குப் பாணி ஊற்றவில்லை. கித்துள் பாணி சீனி வருத்தக்காரருக்குப் பரவாயில்லை என்று ஊரில் சொல்லுவினம், ஆனால் அதுவும் சீனிதான். அவவுக்குக் கிழங்கையும் குறைத்து, மாங்காய்ச் சீவலும் தேசிக்காயும் வைத்தோம்.

கோப்பையில் 150 கிராம் சூரை, 150 கிராம் கிழங்கு, நாலு மேசைக்கரண்டி கட்டித் தயிர், ஒரு தேக்கரண்டி காரப் பாணி. முதல் வாய்க்கு யாரும் பேசவில்லை. புளிப்பும் மிளகும் முதலில் வந்தது. பிறகு தயிர் அதை ஆற்றியது. கடைசியில் பாணி, இனிப்பாக வந்து உறைப்பாக முடிந்தது. பாணி இல்லாமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தோம். மீன் வறண்டு தெரிந்தது. அந்த ஒரு கரண்டியின் வேலை அதுதான். கொழுப்பில்லாத மீனையும் வெறும் கிழங்கையும் விரும்பித் தின்ன வைக்கிறது.

கணக்கு: சூரையில் ஏறக்குறைய 33 கிராம் புரதம், 155 கலோரி. கிழங்கில் 120 கலோரி. தயிரையும் பாணியையும் சேர்த்தால் 380க்குக் கிட்ட. எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதமளவில் இருப்பதால் தயிர்தான் கணக்கைக் கொஞ்சம் ஏற்றியது. 50 கிலோ எடையுள்ள ஒராளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமளவு புரதம் போதும் என்பதுதான் பொதுவான சிபாரிசு. ஒரு கோப்பையிலேயே அதுக்குக் கிட்ட வந்துவிட்டது. வீடியோவை வென்றுவிட்டோம் என்று கத்தினோம்.

எழுதுகிறவள் கொப்பியை எடுத்தாள். 380 என்று எழுதினாள். அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. நேரம் பின்னேரம் ரெண்டு மணி. முதல் பக்கத்தைத் திருப்பினாள், நாங்களும் பார்த்தோம். முதல் நாள் முழுக்க எழுதியிருந்ததைக் கூட்டினாலும் இந்த ஒரு கோப்பைக்கு வரவில்லை. அதுக்கு முதல் நாளும் அப்படித்தான்.

"லோ கலோரி எண்டா இதுதானே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

கொட்பேக்காரன் கோப்பையைக் கீழே வைத்தான். "2022-ல எங்கட வீட்டிலயும் லோ கலோரிதான். கொப்பியில எழுதேல்ல, அவ்வளவுதான்."

அந்த வருசத்தை எங்களுக்குத் தெரியும். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வயசு. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று செய்தியில் வந்தது. அதுக்கு முதல் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. சின்ன வள்ளங்களின் எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். அவனுடைய அப்பா கடலுக்குப் போகாமல் கரையில் இருந்த நாட்களை அவன் இதுக்கு முதல் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னான். கடலுக்குப் பக்கத்து வீட்டில் மீன் இல்லாமல், சோற்றுக்குச் சம்பல் மட்டும். தாய் "எனக்குப் பசிக்கேல்ல" என்று சொல்லிப் பிள்ளைகளுக்குப் போட்டது. "அம்மா அப்ப மெலிஞ்சவா. ஒருத்தரும் வடிவா இருக்கிறியள் எண்டு சொல்லேல்ல" என்றான்.

அவனுடைய கதையைக் கேட்டதும் அவள் திருந்திவிட்டாள் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. "நீ சொல்லுறது வேற, என்ர பிரச்சினை வேற" என்றாள். அதுவும் உண்மைதான். இல்லாமல் பட்டினி கிடந்தவரின் கதையைச் சொல்லி, இருந்தும் சாப்பிட முடியாதவளை வெட்கப்பட வைத்தால் அவள் இன்னும் ஒளித்துக்கொள்வாள். ரெண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பதை அடுத்த கிழமைதான் எங்களில் ஒருத்தியிடம் சொன்னாள். உடம்புக்குத் தேவையான அளவு உள்ளே போகாவிட்டால் அது நிற்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அக்காவோடு டொக்டரிடம் போனாள். இப்பவும் போகிறாள். இதை எழுத அவள் சம்மதம் தந்தாள். முதல் வாசித்துப் பார்த்ததும் அவள்தான்.

எங்களுக்கு விளங்கியது ஒன்றுதான். "ஹை புரோட்டீன்" என்ற முதல் பாதி எங்களுக்கு உண்மையிலேயே வேண்டும். பாணும் ரொட்டியும் தேங்காயுமாக ஓடுகிற சாப்பாட்டில் அதுதான் குறைவு. "லோ கலோரி" என்ற மற்றப் பாதி எல்லாருக்கும் ஒரே மாதிரி வேண்டியது இல்லை. அம்மாவுக்கு மாப்பொருளும் சீனியும் அளவோடு வேணும். ஜிம்காரனுக்குக் கிழங்கு இன்னும் ரெண்டு துண்டு வேணும். அவளுக்கு அந்தச் சொல்லே கொஞ்சக் காலத்துக்கு வேண்டாம். வீடியோ எல்லாருக்கும் ஒரே கிண்ணத்தைக் காட்டுகிறது.

அதனால் ஞாயிறுச் சமையல் தொடர்கிறது, கலோரிக் கணக்கு இல்லாமல். ஒரு உள்ளங்கை அளவுக்கு மீனோ முட்டையோ பயறோ கோப்பையில் இருக்குதா என்று மட்டும் பார்க்கிறோம். எல்லாம் சரி வரவில்லை. சோயாமீட்டைப் பாணியிலும் கடுகிலும் பிரட்டியது இனிப்புப் போட்ட பஞ்சு மாதிரி இருந்தது. நெத்தலிக் கருவாட்டைத் தயிரில் போட்டதை நாய்கூட மணந்துவிட்டுப் போய்விட்டது. நெத்தலியும் மாங்காயும் ஒரு துண்டு சர்க்கரையும் சேர்த்து வற்ற வைத்தது நல்லாய் வந்தது. அன்னாசியும் முட்டையும் மிளகும் அதைவிட நல்லம்.

கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் எழும்பும், வள்ளங்கள் குறையும், மீன் விலை ஏறும். அந்த மாதங்களுக்குப் பயறு வைத்திருக்கிறோம். அவித்த பயறு ஒரு கப்பில் 14 கிராம் புரதம், விலையும் கட்டும். அதுக்கு மேல ஒரு கரண்டி தேங்காய்ப்பூ, மாசிச் சம்பல், பக்கத்தில் கதலி வாழைப்பழம் ஒன்று. பழத்தைக் கடித்துவிட்டு உடனே சம்பலோடு ஒரு வாய் பயறு போட வேணும். அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தது கொப்பிக்காரிதான். போன ஞாயிறு ரெண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.